மிஷின் மேல் விழுந்த பழி

மார்பகப் படம் எடுக்கும் கருவியின் தரத்தை இப்போதெல்லாம் கணினியே சோதித்து, கணினியே மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறதாம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் போனில் சொன்னாள். "நீங்கல்லாம் கண்ணால பாத்து மார்க் போடுவீங்களாமே மேடம். அதுல ஏமாத்தலாமே?" என்று கேட்டாள். ஏமாற்றலாம். அதைத் தடுக்கத்தான் எங்களுக்கு ஒரு டாக்டர் மேடம் இருந்தார் என்றேன். அந்தப் பெண் மேலும் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

ரேடியோகிராபர் படிப்பு, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வேலை, பிலிம் கழுவும் இருட்டறை, புடவையில் ஏறிய ரசாயன வாடை. என் முதல் பதினைந்து வருஷத்தை இந்த ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். நடந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சுனாமி அடித்த அடுத்த வருஷம் மரக்காணம் கடற்கரையில் உலகத்துப் பொருளெல்லாம் வந்து இறங்கியது. நின்ற இடத்தில் வியர்க்கும் ஊருக்கு மூட்டை மூட்டையாகக் கம்பளி வந்தது. யாரும் கேட்காத பல பொருள்களில் ஒன்றாக, டிஜிட்டல் மார்பகப் படக் கருவி பொருத்திய வண்டி ஒன்றும் வந்தது. கொடுத்தது ஓர் அறக்கட்டளை. அதை ஓட்ட டிரைவர் கிடைத்தார். படம் பார்க்க எங்கள் டாக்டர் மேடம் கிடைத்தார். படம் எடுக்கவும், கருவியின் தரத்துக்குப் பொறுப்பேற்கவும் நான் கிடைத்தேன். படம் எடுத்துக்கொள்ளப் பெண்கள்தான் கிடைக்கவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேடம் திட்டமாட்டார், குரலும் உயராது, கேள்வி மட்டும் கேட்பார். அதற்குத் திட்டே மேல் என்று எங்களுக்குத் தோன்றும்.

தினமும் காலையில் முதல் ஆளைப் படம் எடுக்கும் முன் 'பேண்டம்' என்ற அக்ரிலிக் கட்டியைப் படம் எடுக்க வேண்டும். அதற்குள் மெழுகில் புதைத்த பொருள்கள் இருக்கும்: நார்கள் ஆறு, பொடித்துகள் கூட்டங்கள் ஐந்து, கட்டி மாதிரியானவை ஐந்து. ஒன்றைவிட ஒன்று சிறியது. கடைசிச் சிலது நல்ல கருவியிலும் தெரியாது. நார் நாலு, துகள் மூன்று, கட்டி மூன்று தெரிந்தால் கருவி பாஸ். பார்த்து எண்ணுகிறவள் நான். சிக்கல் என்னவென்றால், எது எங்கே இருக்கிறது என்று ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். அப்புறம் கண் பார்க்காது, வாய்தான் ஒப்பிக்கும்.

ஒருநாள் நான் திரையைப் பார்த்து, "மேல வலது மூலையில நாலாவது நார் நல்லா தெரியுது மேடம்" என்றேன். மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். "கண்ணுக்குத் தெரியுதா, மனசுக்குத் தெரியுதா?"

"கண்ணுக்குத்தான் மேடம்."

"பேண்டத்தை நான் திருப்பி வெச்சிட்டேன்மா. அந்த மூலையில இப்ப ஒண்ணுமே இல்ல."

அன்றிலிருந்து தினமும் பேண்டம் எந்தத் திசையில் இருக்கும் என்பது மேடத்துக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். பார்வையைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

மரக்காணத்தில் பார்வைக்கும் ஒரு சோதனை வந்தது. வண்டியை உப்பளத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தியிருந்தோம். வெயில் ஏற ஏற, குவித்து வைத்த உப்பிலிருந்து வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து திரையில் அடித்தது. திரையைச் சோதிக்க ஒரு படம் உண்டு. கறுப்புச் சதுரத்துக்குள் கொஞ்சம் குறைந்த கறுப்பாக ஒரு சின்னச் சதுரம் இருக்கும். உள்சதுரம் தெரிந்தால்தான் படம் பார்க்கத் தகுந்த வெளிச்சம். எனக்கு வெளிச்சதுரமே சரியாகத் தெரியவில்லை. மேடம் இறங்கிப் போய், பள்ளிக்கூட வராந்தாவில் யாரும் எடுத்துப்போகாமல் கிடந்த நிவாரணக் கம்பளிகளில் இரண்டைக் கொண்டுவந்தார். ஜன்னலை மூடினோம். சதுரம் தெரிந்தது. அந்தக் கம்பளி இந்தக் கடற்கரையில் ஒருவருக்காவது பயன்பட்டது என்று அனுப்பியவர்களுக்கு எழுத வேண்டும் என்றார் மேடம். எழுதினாரா என்று தெரியாது.

இனிப் பெண்கள். இரண்டு முகாம் நடத்தியும் ஆள் வரவில்லை. கூனிமேட்டிலிருந்து மும்தாஜ் என்ற பெண் எங்களுக்கு உதவியாக இருந்தாள். ஊர் ஊராகப் போய்ச் சொல்லி ஆள் கூட்டி வருவது அவள் வேலை. அவள்தான் வழி சொன்னாள்: "நூறு வீட்டுக் கதவைத் தட்ட வேணாம் மேடம். அஞ்சலை அக்காவைத் தட்டுங்க. அவங்க வந்தா எல்லாம் வரும்."

அஞ்சலை என்பது நான் வைக்கும் பெயர். உப்பு சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். வரப்பில் நின்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பாத்தியில் இருக்கிற மேஸ்திரி ஒதுங்கிப் போவார். மும்தாஜ் என்ன சொன்னாளோ, மூன்றாவது முகாமுக்கு அஞ்சலை வந்தாள். அவள் பின்னால் ஒரு படையே வந்தது. மழைக்காலம் நெருங்கி, உப்பு எடுப்பு முடியும் தறுவாய்.

வண்டிக்குள் ஏறியதும் அஞ்சலை சுற்றிப் பார்த்தாள். மேசைமேல் இருந்த பேண்டத்தைக் காட்டி, "இது என்னா நர்சம்மா, சோப்பா?" என்றாள். நான் நர்ஸ் இல்லை, ரேடியோகிராபர் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தினமும் முதலில் அந்தக் கட்டியைத்தான் கருவியில் வைத்து அழுத்திப் படம் எடுப்போம் என்று விளக்கினேன். "பாவம், அது யாருக்கு என்னா பண்ணுச்சு" என்றாள். பிளாஸ்டிக் தட்டு இறங்கி அவளை அழுத்தியபோது அந்தப் பரிதாபம் அவள் பக்கம் திரும்பியது. வலிக்கும், கொஞ்ச நேரம்தான் என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருப்பதையும், மாப்பிள்ளை வானூர்ப் பக்கம் நெல்லு வயல்காரர் வீட்டுப் பையன் என்பதையும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

படம் திரையில் வந்தது. இடது மார்பில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள். மேடம் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது அவங்களோடதா, நம்மளோடதா?" என்றார்.

அப்படித் துகள் தெரிந்தால் சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். கூட்டமாக இருந்தால் புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அதே துகளை எங்கள் கருவியும் உண்டாக்கலாம். அந்தக் காலத்து டிஜிட்டல் என்றால், கேசட்டுக்குள் ஒரு பிளேட், அதைப் படிக்க ஒரு ரீடர். பிளேட்டில் தூசி விழுந்தால் படத்தில் வெள்ளைப் பொட்டு வரும். கடற்காற்றில் உப்பு பறக்கும் ஊரில் என் முதல் சந்தேகம் அதுதான். அஞ்சலைக்குப் பயன்படுத்திய அதே கேசட்டில் பேண்டத்தை வைத்து எடுத்தேன். வேண்டாத பொட்டு ஒன்றுகூட இல்லாமல் பளிச்சென்று வந்தது. பிளேட் நிரபராதி.

அதற்குள் அடுத்த பெண்ணின் படம் வந்தது. அதிலும் அக்குள் பக்கம் பொட்டுகள். அதற்கடுத்த பெண்ணுக்கும் அப்படியே. ஒரு ஊரே ஒரே நாளில் நோய்வாய்ப்பட முடியாது. நான் நான்காவது பெண்ணைக் கருவி முன் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லிக் குனிந்தேன். மூக்கில் மல்லிகை ஏறியது. அன்று காலையிலிருந்தே வண்டி முழுக்க அந்த வாசனைதான். எல்லோர் மேலும் ஒரே வாசனை.

"பவுடர் போட்டிருக்கீங்களா?"

"ஆமாங்க. அஞ்சலை அக்காதான் குடுத்துது. வரிசையில நிக்கும்போதே எல்லாருக்கும் கொட்டி விட்டுச்சு. உப்பு நாத்தத்தோட டாக்டர் எதிர்ல போய் நிப்பீங்களாடீன்னு திட்டிச்சு."

மரியாதைக்காகப் போட்ட பவுடர். அதில் இருக்கும் கல்பொடி எக்ஸ்ரேயில் துகளாகத் தெரியும். மைதானத்துக் குழாயடியில் பெண்களை நிறுத்தி, ஈரத் துண்டால் துடைக்க வைத்து, படத்தை மறுபடி எடுத்தோம். பொட்டுகள் போய்விட்டன. வண்டியில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்களுக்கு முன்னால் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 'என் பவுடரைப் பாத்து நோயின்னு சொல்லிட்டாங்க' என்று அஞ்சலை வரப்பில் நின்று சொல்லிச் சிரிப்பதாக மும்தாஜ் வந்து சொன்னாள்.

நானும் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. அஞ்சலையின் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தார். அக்குள் பக்கம் சிதறலாகக் கிடந்தவை பவுடர், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் உள்ளே, நெருக்கமாக ஒரு சின்னக் கூட்டம். மேலிருந்து எடுத்த படத்திலும் இருந்தது. பக்கவாட்டில் எடுத்த படத்திலும் அதே ஆழத்தில் இருந்தது.

"மத்தவங்களுக்குப் பவுடர். இவங்களுக்கும் பவுடர்னு சொல்றது நமக்குச் சௌகரியம்" என்றார் மேடம். "பவுடருக்கு நடுவுல வேற ஒண்ணு ஒளிஞ்சிருந்தா?"

அஞ்சலையைக் கழுவித் துடைத்து, அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் எடுக்க வேண்டும். மும்தாஜ் போனாள், வெறுங்கையோடு திரும்பினாள். "ஒருதரம் நசுக்கினது பத்தாதா, நான் என்னா கரும்பான்னு கேக்குறாங்க மேடம்" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மைக் காரணத்தையும் சொன்னாள். மறுபடி கூப்பிட்டார்கள் என்றால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் வானூருக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்த நோய் என்றால் பெண்ணுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டில் கணக்குப் போடுவார்கள். அஞ்சலை வரமாட்டாள். ஆளனுப்பினால் மேஸ்திரிக்கு விழுகிற வார்த்தை எங்களுக்கும் விழும்.

மேடம் தானே நடந்து போய்ப் பேசுவதாகச் சொன்னார். டாக்டரே வரப்பு ஏறிப் போனால், மாலைக்குள் சங்கதி வானூர் போய்விடும். எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"அஞ்சலையைக் கூப்பிட வேணாம் மேடம்" என்றேன். "டப்பாவைக் கூப்பிடலாம்."

மேடம் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு குறும்பை நான் அதற்கு முன் பேண்டத்தைத் திருப்பி வைக்கும் போதுதான் பார்த்திருக்கிறேன்.

பவுடர் டப்பா மேல் விசாரணை என்று மும்தாஜ் போய் அறிவித்தாள். டப்பாவில் என்னவோ கலப்படம் இருப்பதாக மிஷின் சந்தேகப்படுகிறது, டப்பாவை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும், அக்கா வர வேண்டியதில்லை. நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். அக்கா வர வேண்டியதில்லை என்றதும் அக்கா வந்துவிட்டாள். டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதிப் படையையும் அழைத்துக்கொண்டு, "யாருடா என் டப்பாவைக் குத்தம் சொன்னது?" என்று கேட்டபடியே படியேறினாள்.

செய்த சோதனையை ஒழுங்காகவே செய்தேன். முதலில் பேண்டத்தைச் சுத்தமாக எடுத்தேன். பிறகு அதன் மேல் ஒரு மெல்லிய பாலிதீன் தாளை விரித்து, அஞ்சலையின் கையாலேயே பவுடர் தூவச் சொல்லி, அதே கதிர் அளவில் மறுபடி எடுத்தேன். இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெண்கள் இரண்டிரண்டு பேராக ஏறி, எட்டிப் பார்த்து, இறங்கினார்கள். ஒருத்தி, "அக்கா, உன் பவுடரு ஆகாசத்து நட்சத்திரமாட்டம் இருக்குது" என்றாள். அஞ்சலைக்குப் பெருமை.

பெருமை கொஞ்ச நேரம்தான். அவள் திரைக்கு மிக அருகில் போனாள். சுத்தமான படத்தில் பேண்டத்துக்குள்ளேயே இருக்கும் துகள் கூட்டத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். நோய் இருந்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க, செய்தவர்களே உள்ளே வைத்தது என்றேன். அவள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப என்னுதுல இருந்தது எது மாதிரி நர்சம்மா? பவுடரு மாதிரியா, இதும் மாதிரியா?"

"ரெண்டும் கலந்து கிடக்குது. கழுவிட்டு எடுத்தாத்தான் சொல்ல முடியும்" என்றேன்.

அஞ்சலை வாசல் பக்கம் திரும்பினாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "எல்லாம் கீழ எறங்குங்கடி. டப்பா மேல கேஸு இல்லன்னு எழுதிக் குடுக்கணுமாம். கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்" என்றாள். கதவைச் சாத்தினாள். குடத்துத் தண்ணீரை எடுத்துத் தானே கழுவித் துடைத்துக்கொண்டாள். கருவி முன் வந்து நின்று, "நசுக்கு" என்றாள்.

கேசட்டை ரீடரில் போட்டேன். படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாகத் திரையில் இறங்கும். அந்த ரீடர் மெதுவானது என்று அதுவரை நான் நினைத்ததில்லை. சிதறல் எல்லாம் போயிருந்தது. அந்தச் சின்னக் கூட்டம் மட்டும் அதே இடத்தில், முன்னைவிடத் தெளிவாக இருந்தது. என் வேலையைப் பொறுத்தவரை அது குறை சொல்ல முடியாத படம்.

மேடம் அவளை உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். இது என்ன என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, புதுச்சேரிக்கு வந்து ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். கெட்டதாகவே இருந்தாலும் இது கைக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சின்னது. இப்போது எடுத்துவிட்டால் அவளுக்கு நல்லது.

அஞ்சலை கேட்டுக்கொண்டாள். அழவில்லை. வெளியே பெண்கள் சிரிப்பது உள்ளே கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். 'நர்சம்மா' எல்லாம் போய்விட்டிருந்தது.

"நீ வெளிய போய் என்னா சொல்லுவே?"

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்கா."

"ஒண்ணும் சொல்லலன்னாத்தான் இழுத்து வெச்சுப் பேசுவாளுங்க. மிஷின் தப்புன்னு சொல்லு."

இருபது வருஷம் கழித்து எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் அப்போது நான் தயங்கினேன். அந்தக் கருவியைத் தினமும் துடைத்து, சோதித்து, பாஸ் செய்ய வைத்தவள் நான். "காலையிலதான் எல்லா டெஸ்டும் பாஸ் பண்ணுச்சு" என்றேன், யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமல்.

"உன் மிஷினுக்கு எந்த ஊர்ல சம்பந்தம் பேசி வெச்சிருக்குது? அதுக்குப் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவட்டும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். கறுப்புச் சதுரத்துக்குள் கறுப்புச் சதுரம் தெரியவில்லை என்றால் வேலையை நிறுத்துகிறவர். நார் ஒன்று பாதி தெரிந்தால் அரை மதிப்பெண்தான் போடுகிறவர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சொல்லிடும்மா" என்றார்.

கதவைத் திறந்து படியில் நின்றேன். மிஷின் தப்பாகக் காட்டிவிட்டது, பவுடரைப் போய் நோய் என்று நினைத்துக்கொண்டது, அஞ்சலை அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். என் பின்னால் அஞ்சலை இறங்கினாள். எல்லோர் முன்னாலும் இடுப்பில் கை வைத்து, "படிச்சவங்கதான? இத்தாம் பெரிய வண்டியில வந்து எறங்கறீங்க. பவுடருக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரிய வேணாமா?" என்று கேட்டாள். பெண்கள் கைதட்டினார்கள். திட்டி முடித்துத் திரும்பும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பிளாஸ்டிக் தட்டைவிட அது வலித்தது.

ஊசிப் பரிசோதனையில் கெட்டதென்றுதான் வந்தது, ஆனால் தொடக்க நிலை. மழை இறங்கி உப்பளம் மூடிய மாதங்களில், தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, புதுச்சேரியில் அறுவை சிகிச்சையும் கதிர் சிகிச்சையும் முடித்துக்கொண்டாள். விஷயம் ஊரில் அவள் புருஷனுக்கும் மும்தாஜுக்கும் மட்டும்தான் தெரியும். தை மாதம் கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது. மேடமும் நானும் போனோம். பந்தியில் எங்களைக் காட்டி, பவுடர் டாக்டருங்க என்று அறிமுகம் செய்தாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்ததில் புரையேறிவிட்டது.

அடுத்த முகாமில் நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பெயர் கெட்ட மிஷினுக்கு ஆள் வராது என்று நினைத்தேன். முன்னைவிட அதிகமாக வந்தார்கள். தப்பு செய்யும் மிஷின்மேல் யாருக்கும் பயமில்லை. அதைவிட முக்கியம், யாரையாவது மறுபடி படம் எடுக்கக் கூப்பிட்டால், வரிசையில் நிற்பவர்களே, "போடி, பவுடரா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். மறுபடி கூப்பிடுவது அந்த ஊரில் அவமானமாகவே இல்லாமல் போயிற்று. எங்கள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கூட, திரும்ப வரச்சொன்ன பெண்கள் பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்த ஊரில் ஒருத்தி தவறியதில்லை. அவர்கள் எல்லோருக்கும் சுத்தமான படம் எடுத்தது, பழி விழுந்த அதே கருவிதான். ஒவ்வொரு காலையும் அது பாஸ் செய்தது. ஒவ்வொரு காலையும் வரிசையில் யாராவது ஒருத்தி, "இன்னிக்காவது ஒழுங்கா பாக்குமா நர்சம்மா?" என்று கேட்டாள். பாக்கும் என்பேன். வேறென்ன சொல்ல முடியும்?

இதை எழுதலாமா என்று கேட்க, போன மாதம் மரக்காணம் போனேன். அஞ்சலைக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. உப்புச் சுமையை விட்டுவிட்டாள், குரலை விடவில்லை. மகள் குடும்பம் நன்றாக இருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்கள் என்னைப் பார்த்ததும், பவுடர் மிஷின் நர்சம்மா என்று சிரித்தார்கள். அஞ்சலை அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

உள்ளே கூட்டிப் போய்ச் சமாச்சாரத்தைச் சொன்னேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். எங்கள் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படிக்க வேண்டும், அந்தக் கருவிமேல் தப்பில்லை என்று ஒரு இடத்திலாவது பதிவாக வேண்டும் என்றேன்.

"எழுதிக்கோ" என்றாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா எங்க ஊர்ல மட்டும் மிஷின் தப்புதான்."